ஏகாம்பரம் மாமா எங்களைத் திட்டிவிட்டார்!

படிப்பகப் பலகையில் இதை ஒட்டும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மனைவி இறந்ததிலிருந்து ஏகாம்பரம் மாமா தறியைத் தொடவில்லை, யாரோடும் பேசவில்லை. மதராஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடலாம் என்று மகன் கிளம்பியபோது, இப்போது வீடு வீடாக வருகிறாரே, அந்த நர்ஸம்மாதான் தடுத்தார்.

"இட்டுக்கினு போவாதப்பா. டாக்டர் மாத்திரைய நானே கொண்டாந்து தரேன். தினம் யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசிக்கினு இருங்க, போதும்."

ஒருத்தர் என்றால் நம் தெரு கேட்குமா? ஆள் மாற்றி ஆள் போய்ப் பேசித் தீர்த்தோம்.

இன்று மாலை மாமா சட்டென்று எழுந்தார்.

"ஏம்பா, ஒரு மனுசன் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துக்கினு இருக்கக் கூடாதா? போங்கப்பா எல்லாரும்!"

முதலில் கைதட்டியது நர்ஸம்மா. பிறகு தெருவே தட்டியது. மகன் அழுதுகொண்டே சிரித்தான்.

வாசலைத் தாண்டியபோது மாமாவின் குரல் மறுபடி வந்தது. "நாளைக்கு வாங்க. ஆனா நேத்து பாடிக்கினு இருந்தானே, அவன மட்டும் இட்டுக்கினு வராதீங்க!"

நேற்றுப் பாடியது நான்தான்.

மாமாவைப் பேச வைத்தது மாத்திரையா, என் பாட்டா? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.