நீலப் புகையும் விசாலாக்ஷியும்

எழுதப் படிக்கத் தெரியாமல் புனேக்கு வந்தவள் விசாலாக்ஷி. கணவர் போன பிறகு சமைத்தே இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள். கார் ஓட்டக் கற்றாள். அந்தக் காரிலேயே ஊரின் லோஹேகாவ் பகுதியில் நாற்பது வீடுகளுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனாள். அண்ணன் சந்திரமௌலி இதையெல்லாம் வரிசை மாறாமல் சொல்வார்.

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்தக் கார் ஒருநாள் புகை கக்கியது. கார் நின்றால் டப்பாவும் நின்றுவிடும்.

இன்ஜினே தேய்ந்துவிட்டது, விற்றுவிடுங்கள் என்று மெக்கானிக் ஷிண்டே இந்தியில் சொன்னார்.

“வித்துடேன்டி,” என்றார் அண்ணனும்.

“நீ சும்மா இரு அண்ணா. கார்த்தால கிளப்பறச்சே மட்டுந்தான் நீலப் புகை. மேடு ஏறறச்சே ஒண்ணும் வரல்லே. ராத்திரி நிக்கறச்சே மேலேர்ந்து ஆயில் கசியறது. வால்வு சீல்னு ஒரு ரப்பர் வளையம், அதை மாத்தினா போறும்.”

மறுநாள் காலை ஷிண்டே தானே கிளப்பிப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனாலும், சரியாகாவிட்டால் தன் பொறுப்பில்லை என்று எழுதி நீட்டினார். அண்ணன் வழக்கம்போலத் தங்கையின் கைநாட்டுக்கு மை தேடினார். விசாலாக்ஷியோ பேனாவைக் கேட்டு வாங்கினாள். சின்னப் பெண்ணிடம் ரகசியமாகக் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறாள்!

அதற்குப் பிறகும் கார் நான்கு வருஷம் ஓடியது. அந்தத் தாளின் நகல் அண்ணனிடம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே தேதி: 9 ஜூலை 2003.