இடது காலின் ஒட்டுவிரல்

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும் பாட்டியிடமிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கிடைச்சாங்களா?"

"இல்ல பாட்டி."

"ஊர்ல எல்லாருக்கும் விரல் ஒழுங்காத்தான் இருக்குபோல. சரி, கை கழுவிட்டு வா."

கேட்பவள் மூன்றாம் மாடியில் இரண்டே அறை கொண்ட வீட்டில் ஜன்னலோரக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்காத கிழவி. பதில் சொல்பவள் அவளுடைய பேத்தி. செருப்புக்கடையில் வேலை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தைத் தன் முன்னிருக்கும் சாய்பலகையில் வாங்கி அளவு பார்ப்பதால் கடையில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இருவர்தான்.

பாட்டி எடுத்து வளர்க்கப்பட்டவள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து, கண் சரியாகத் திறக்காத சிசுவாக, ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் அவளைத் தூக்கி வந்தார்கள். வளர்த்தவர்கள் தங்கமானவர்கள். எதையும் மறைக்கவில்லை. விவரம் தெரிந்த வயதில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்கள்: "உன்னைப் பெத்தவ பிரசவத்துலயே போயிட்டாம்மா. இருந்திருந்தா உன்னை விட்டிருப்பாளா?"

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பாட்டி தன் ஆயுள் முழுவதையும் கட்டி எழுப்பியிருந்தாள். புருஷன் பாதியில் போனபோதும், பெற்ற மகளைப் பறிகொடுத்தபோதும், "என்னைப் பெத்தவ உயிரையே குடுத்தா, நான் இதைத் தாங்க மாட்டேனா?" என்று எழுந்து வேலைக்குப் போனாள்.

பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று. இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நகம்வரை ஒட்டியிருக்கும். மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா, இது ரத்தத்தில் வருவது, பெற்றவர்களில் யாருக்காவது இருந்திருக்கும் என்று சொன்னாள். மகளுக்கும் வரவில்லை, பேத்திக்கும் வரவில்லை. சின்ன வயதில் பிள்ளைகள் 'வாத்து' என்று கேலி செய்ததால், பாட்டி வாசலைத் தாண்டினால் காலுறையும் மூடிய காலணியும்தான்.

பேத்திக்குச் செருப்புக்கடையில் வேலை கிடைத்த அன்று பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்க் காலெல்லாம் உன் மடிக்கு வரப்போகுது. அதுல என் காலைத் தேடுடி."

"நான் ஒருத்தி இருக்கேனே, உன் ரத்தம்தானே?"

"நீ எனக்குப் பின்னால வந்தவ. எல்லாருக்கும் முன்னால ஒரு ஆள் இருக்கு. எனக்கு முன்னால வெறும் சுவரு. சாகறதுக்குள்ள, இவங்கதான் உன் ஆளுன்னு ஒரு முகத்தைக் காட்டு. போதும்."

பேத்தி தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்ணின் காலில் ஒட்டிய விரல் இருந்தது. ஆசையாய் விசாரிக்கப்போக, "என் காலைக் கிண்டல் பண்றீங்களா?" என்று அவள் ஒற்றைச் செருப்போடு எழுந்துவிட்டாள். இன்னொருவர் விரல்கள் தீக்காயத்தில் ஒட்டியவை. கல்லாவில் உட்காரும் பெரியவருக்கு இது தீராத வேடிக்கை. "எல்லாரும் முகத்தைப் பார்த்து உறவு சொல்லுவாங்க. இவளுக்குக் கட்டிக்கப் போறவன்கூட காலுறையைக் கழட்டினாத்தான் அடையாளம் தெரியும்" என்பார்.

வருடங்கள் போயின. பாட்டியின் கேள்வியில் குரல் குறைந்துகொண்டே வந்தது. கேட்பதை மட்டும் விடவில்லை.

ஒரு மழைநாள் மதியம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். "வேலையில இருந்தவரைக்கும் ஷூதாம்மா. இப்ப கால் வீங்குது. காத்தோட்டமா ஏதாவது குடு" என்று இடது காலைப் பலகையில் வைத்தார்.

அளவுக்காரியின் கை நின்றது. அதே விரல்கள். அதே இடத்தில், நகம்வரை.

"என்னம்மா, வாத்துக் காலுக்குச் செருப்பு இல்லையா?" என்று அவரே சிரித்தார்.

அவள் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். ரயில் பாதையோர இல்லம் என்றதும் டிரைவரின் சிரிப்பு நின்றது. அவரும் அதே இல்லத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்; அங்கே துணி துவைத்த அம்மா ஒருத்தி தூக்கிப்போய் வளர்த்திருக்கிறாள்.

"என் சொந்தம் யாருன்னு எனக்கும் தெரியாதும்மா. ஆனா 'உனக்கு முன்னாடி ஒரு அக்கா இருக்கா, அவளுக்கும் இதே விரல்தான்'னு எங்கம்மா சொல்லிச்சொல்லிதான் என்னை வளர்த்தா. பஸ்ல படியேறுற பொம்பளைங்க காலையெல்லாம் பார்த்து எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?" அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேடியது கிடைத்துவிட்ட அவசரத்தில் அவள் இருவர் வயதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. கல்லாக்காரரிடம் சொல்லிக்கொண்டு அப்போதே அவரை அழைத்துப் போனாள். மூன்று மாடியையும் டிரைவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

"பாட்டி, கிடைச்சாச்சு."

தரையில் இரண்டு இடது கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாட்டி குனிந்து அவர் விரலைத் தொட்டாள், பிறகு தன் விரலை. அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காதும் என்னைப் போலவேதான், பாவம். எந்த பஸ்ஸு ஓட்டினே?"

"மார்க்கெட்லேருந்து ஸ்டேஷன்."

"அதுலதானேடா நான் வேலைக்குப் போனேன்!"

"ஷூ போட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"அதான்க்கா கெட்டுது" என்றார் டிரைவர். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாயிற்று.

பாட்டிதான் முதலில் நிறுத்தினாள். "உனக்கு என்னைவிட எவ்வளவு வயசு கம்மி?"

"ஆறு இருக்கும்க்கா."

பேத்தி அடுப்படியில் டீக்கு வைத்திருந்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. யாரும் போகவில்லை.

"அப்போ நாம அப்பா வழி" என்றாள் பாட்டி மெதுவாக. "எங்கம்மா போனப்புறம் ரெண்டாவது கட்டியிருப்பாரு. வேற அம்மா."

பேத்திக்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க, டீ போடறேன், மத்ததை அப்புறம் பேசலாம்" என்று குறுக்கே விழுந்தாள். டிரைவருக்கு அந்தக் குறிப்புப் புரியவில்லை. அக்காவுக்குத் தர அவரிடம் இருந்த ஒரே பரிசு அம்மாவைப் பற்றிய ஒரு செய்திதான். ஆசையோடு எடுத்துக் கொடுத்தார்.

"இல்லக்கா, ஒரே அம்மாதான்! அவங்களே என்னைத் தூக்கிட்டு வந்தாங்களாம். என்னை வளர்த்த அம்மா அப்ப வாசல்ல துணி பிழிஞ்சிட்டு இருந்திருக்கா. நல்ல புடவை, நல்ல செருப்பு, கஷ்டப்பட்டவங்க மாதிரி தெரியலையாம். என்னைக் குடுத்துட்டு, 'இதுக்கு முன்னாடி ஒரு பொண்ணை இங்கதான் குடுத்தேன், இதே மாதிரி கால். நல்லா இருக்காளா?'ன்னு கேட்டாங்களாம். உங்களை விசாரிச்சிருக்காங்கக்கா!"

பாட்டி தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டினாள்.

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"யாருக்கும் தெரியலையாம்."

"அப்புறம்?"

"போயிட்டாங்க."

பாட்டி காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். "நாங்க அங்கேருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். டிரைவர், பேத்தி போட்டு வைத்து ஆறிப்போயிருந்த டீயைக் குடித்துவிட்டு, அக்காவுக்கு அசதி போலிருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று மெல்ல இறங்கிப் போனார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. வெட்டியவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, ஒருவேளை அவங்களுக்கு என்ன நெருக்கடியோ..."

"ஒரு தடவைன்னா நெருக்கடி." பாட்டி திரும்பவில்லை. "தையக்காரர் வீட்டுல நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா சொன்னது பொய். அந்தப் பொய்யிலதான் நான் இவ்வளவு நாள் சோறு தின்னேன்."

"நான் உனக்காகத்தானே தேடினேன்?"

"தெரியும்டி. நீ தேடாம இருந்திருந்தா எங்கம்மா செத்தவளாவே இருந்திருப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். உப்புக் குறைவு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அதன் பிறகு பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாலையில் கதவு திறந்தால் சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. கட்டிலிலும் காலுறை போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். டிரைவர் சில தடவை மாடியேறி வந்தார். பாட்டி உள்ளிருந்தே "தூங்கறேன்னு சொல்லு" என்றாள், அவர் காதில் விழும்படி. அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடைக்கு மட்டும் வருவார். வாரக் கடைசியில், கூட்டம் குறையும் நேரத்தில். போன வாரம் வாங்கிய செருப்பு காலில் புதுசாகவே இருக்கும். கல்லாக்காரர் இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான்."

"என்னைக் கேட்டாங்களா?"

அவள் சாய்பலகையை முன்னே இழுத்துப் போட்டாள்.

"அளவு தெரியுமேம்மா உனக்கு" என்றார் டிரைவர்.

"வைங்க" என்றாள். அவர் இடது காலை வைத்தார்.