லிஃப்டரின் மோதிர விரல்

1988 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாம்பரம் ரயில் நிலையத்தில் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நானும் என் மகளும் நின்றிருந்தோம். பல்லாவரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அவளுக்குத் தேர்வு ஆட்டம். ஒரு வங்கி தன் பெண்கள் வாலிபால் அணிக்கு ஆள் எடுத்தது. அணியில் இடம் கிடைத்தால் வங்கியில் வேலையும் கிடைக்கும். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டருக்கு ஓர் இடம்தான், வந்திருந்த லிஃப்டர்கள் இரண்டு பேர்.

என் மனைவி ஐந்து பத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டூட்டி என்றாள். ரயில்வேயில் டிக்கெட் கவுண்டர் வேலை, அதுவும் ஆட்டத்தால் வந்ததுதான். நான்கு முறை இந்திய ஜெர்சி போட்டு வெளிநாடு போனவள். டிக்கெட் வாங்க வருகிறவர்கள் சில்லறையை நீட்டிவிட்டு, வாலிபால் அடித்த அந்தக் கையைப் பார்க்கக் குனிவார்கள். நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. என்னை யாரும் குனிந்து பார்த்ததில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் கல்யாணமான இந்த இருபது வருடத்தில் எந்தத் திருமண வீட்டிலும் என்னை அவளுடைய கணவன் என்றுதான் உட்காரவைத்தார்கள்.

மைதானத்தில் தேர்வாளர் ஒருவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். அம்மாவின் உயரத்தைத் தேடினார் போலும். அவள் ஐந்தடி மூன்று அங்குலம்தான்.

"அவங்க பொண்ணா? அப்ப முன்னால நின்னு அடிம்மா."

"நான் லிஃப்டர் சார்."

"அம்மா ஸ்மாஷர், நீ லிஃப்டரா?"

"அவங்களுக்குத் தூக்கிக் குடுத்துத்தான் சார் கத்துக்கினேன்."

அது உண்மை. ஒன்பது வயதிலிருந்து ரயில்வே காலனி மைதானத்தில் தினமும் மாலை இருநூறு பந்து. மகள் தூக்கிக் கொடுப்பாள், தாய் அடிப்பாள். வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் நடக்கும் இதை நான் கண்டித்தேன். யார் கேட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களை ஒரு தேர்ந்த அணியோடு மோதவிட்டுப் பார்ப்பது இவர்கள் வழக்கம். எதிரே ரயில்வே அணி இறங்கியது. மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, அம்மா அந்தப் பக்கம் நிக்குது."

நின்றாள். நாற்பதை நெருங்கியவள், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

வாலிபாலில் ஓர் அணி மூன்று முறை பந்தைத் தொடலாம். ஒருத்தி எடுப்பாள், லிஃப்டர் தூக்குவாள், மூன்றாமவள் அடிப்பாள். ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. அதனால் வருகிற பந்தை லிஃப்டர் தலையிலேயே இறக்கினால், அதை அவளே எடுத்தாக வேண்டும், பிறகு தூக்க முடியாது. அணி குலைந்துபோகும். முதல் செட்டில் என் மனைவி பதினான்கு முறை அடித்தாள். பதினொன்று எங்கள் மகள் மேல்.

காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"இன்னாமா, பெத்த பொண்ணுன்னு பாக்காம சாத்துற?"

"வூட்டுல சாம்பார்ல உப்பு கம்மியா போட்டிருக்கும்டா."

தேர்வாளர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது செட்டில் மகள் சுதாரித்துக்கொண்டாள். பந்தை எடுத்த கையோடு, வலப்பக்கம் நின்ற பெண்ணிடம் நீ தூக்கு என்று கத்தினாள். ஆட்டம் ஏழுக்கு ஏழு வந்தது. அப்போது என் மனைவி அடித்த ஒன்று அவள் முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு கையையும் தூக்கி மறித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. இடது மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"பந்தக் குடு."

மகள் பந்தை வலைக்கு அடியில் உருட்டிவிட்டாள். என் கைக்குட்டையை வாங்கி, அந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஆடினாள். தோற்றார்கள். ஆனால் எடுத்தது அவளைத்தான். ஒரு நிபந்தனை வைத்தார்கள். நான்கு வாரத்துக்குள் விரல் நேராகிவிட்டது என்று டாக்டர் சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் இடம் மற்ற லிஃப்டருக்கு.

பல்லாவரம் பிளாட்பாரத்தில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் நடுவில்.

"அது உன் பொண்ணு" என்றேன்.

"நெட்டுக்கு என் பக்கம் அஞ்சு பேரு என்னை நம்பி நின்னாங்க. லிஃப்டரை உடைச்சாத்தான் டீம் உடையும். வேற யாரை அடிக்கச் சொல்றீங்க?"

"டூட்டின்னு பொய் சொன்னியே."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டீங்க."

பிறகு, பால் கணக்குச் சொல்வதுபோல, நேராக ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், தன் மருத்துவ அட்டையில் மகள் பெயரும் இருக்கிறது, ஒரு பைசா ஆகாது என்றாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மகள் குனிந்து விரலைப் பார்த்தபடி சொன்னாள்:

"எனக்கு வேணாம். அது எதிர் டீம் கார்டு."

இந்த இரண்டு பேர் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டார்கள். தாய் வற்புறுத்தவில்லை. சரிதான் என்பதுபோல் தலையை வேறு ஆட்டினாள். வண்டி வந்தது. குரோம்பேட்டையில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்ட மகள் இறங்கினாள், வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். அவள் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு தாம்பரம் போனாள்.

இருபத்தாறாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்தாள். அதற்கப்புறம் நான்கு வருடம் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள், பத்திரிகைக்காரர்கள் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். வீட்டில் பேச்சு என் வழியாகத்தான். "மோட்டார் போட்டாச்சான்னு உங்க பொண்ணைக் கேளுங்க." "போட்டாச்சுன்னு சொல்லுப்பா." இருவரும் என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு.

விரலுக்குக் கம்பி வைக்க வேண்டியிருந்தது. டாக்டருக்கும் கம்பிக்கும் ஆயிரத்து நானூற்றைம்பது. எக்ஸ்ரே இரண்டு, நூற்றிருபது. கட்டு மாற்றியது ஆறு முறை, நூற்றைம்பது. ஆட்டோ நூற்றிருபது. என் மனைவியிடம் பாதி கேட்டேன். ஆட்டத்தில் விழுந்த அடிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்றாள். மகளுக்கு முதல் சம்பளம் வந்ததும் அவளிடம் கேட்டேன். அம்மாவிடம் கேள் என்றாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் இலவசமாக நிமிர்த்தியிருக்க வேண்டிய ஒரு விரலுக்கு என் கையிலிருந்து போனது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.