பழைய அளவிலேயே

எங்கள் வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. மண்சுவர், ஓட்டுக்கூரை. ஒரு கூடம், ஓர் அடுப்படி, மேற்கே வாய்க்காலைப் பார்த்தபடி ஓர் அறை. சம்பா நடவு முடிந்து பிடித்த அடைமழையில் அந்த மேற்கு அறையின் சுவர் ஊறி, ஒரு விடியற்காலையில் உள்பக்கமாகச் சாய்ந்தது. அப்பா அங்கே படுத்திருந்தார். அம்மா மாட்டை மேட்டில் கட்டப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஓடுகள்தான் தெரிந்தன என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

சென்னையில் கட்டட வரைபடம் போடுவது என் வேலை. துக்க வீட்டிலும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதினேன்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கரண்ட் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது, அப்பாவின் போனை என்ன செய்வது. கடைசியில் உள்ளதைத் தவிர எல்லாவற்றுக்கும் ஓர் அலுவலகம் இருந்தது.

கருமாதிக்கு முன்னால் பெரியப்பாவும் பங்காளிகளும் கடப்பாரையோடு வந்தார்கள். உயிர் எடுத்த சுவர் கருமாதி வரை நிற்கக்கூடாது என்பது எங்கள் தெருவில் வழக்கம். விழாமல் மிச்சமிருந்த சுவர்களையும் இடித்தார்கள்.

"தம்பிய முழுங்கின மண்ணு. ஒரு கட்டி இங்க கெடக்கக் கூடாது," என்றார் பெரியப்பா.

மண்ணை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்டினார்கள். அஸ்திவாரச் செங்கல்லையும் தோண்டி எடுத்துவிட்டுப் பள்ளத்தை மணலால் மூடிச் சாணம் தெளித்தார்கள். வேலை முடிந்தபோது எல்லோரும் அழுதார்கள். அங்கே வீடு இருந்ததற்கு அடையாளமே இல்லை. அம்மா பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வந்தது. ஊராட்சியில் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். மழையில் விழுந்த வீட்டைப் பழைய அளவிலேயே திரும்பக் கட்டினால் வரைபட அனுமதி வேண்டாம். வாய்க்காலிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் பார்க்க மாட்டார்கள். ஓவர்சியர் வந்து பழைய அஸ்திவாரத்தைப் பார்த்து அளந்துகொள்வார். நல்ல விதி. என்னை எழுதச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். கரையைப் புதிதாக வளைப்பவர் உள்ளே வந்துவிடக் கூடாது, இருந்தவர் வெளியே போய்விடக் கூடாது. அதற்கு அஸ்திவாரத்தைவிட நேர்மையான சாட்சி எது?

ஓவர்சியர் இளைஞர். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். பைக்கை நிறுத்திவிட்டு நடந்து வந்து சுற்றிலும் பார்த்தார்.

"வீடு எங்கங்க?"

"நீங்க நிக்கிறதுதாங்க சார்," என்றார் பெரியப்பா.

ஓவர்சியர் சட்டென்று ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், உங்களுக்கே தெரியும். இத நான் காலி மனைன்னுதான் எழுதணும். காலி மனைன்னா வாய்க்காலுக்குத் தூரம் விடணும். விட்டா மிச்சம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குத்தான் வரும்."

பெரியப்பா தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேற வழி இருக்கா சார்?" என்றேன்.

"இருந்த அளவ வீட்டுக்காரங்க தரையில காட்டணும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு பார்த்துட்டு, சரின்னு கையெழுத்துப் போடணும். அப்படின்னா எழுதிக்கலாம்."

அடுத்த வீட்டு அத்தையும் எதிர்வீட்டு மாமாவும் வந்தார்கள். அம்மாவிடம் சுண்ணாம்புத் தூள் சட்டியைக் கொடுத்தேன். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஓவர்சியர் பிடித்தார்.

அம்மா வாசல் பக்கம் போனாள். இல்லாத நிலைவாசலில் தலையைக் குனிந்து நுழைந்தாள். கூடத்தின் மூலைக்குப் போய், கிரைண்டர் இருந்த இடத்தைச் சுற்றி வளைந்து, கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அடுப்படியில் அத்தை குறுக்கே வந்தாள்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய அடுப்படியா உனக்கு? இருந்திருந்தா நாலு பேருக்கு டீ போட்டுக் குடுத்திருப்பியே."

"உனக்குப் போட்டுக் குடுத்த டீயெல்லாம் எங்க போச்சு?"

"நான் உள்ள வந்தா ஊறுகா ஜாடி இடிக்கும். ரெண்டு பேருக்கு எடமில்லாம நீ வெளிய போயிடுவ. அதான் சொல்றேன், ஒரு சாண் உள்ள தள்ளு."

அம்மா தள்ளிப் போட்டாள். ஓவர்சியர் சிரித்துவிட்டார். அப்பா போன பிறகு அம்மா பதிலுக்குப் பதில் பேசியது அன்றுதான். எனக்குத் தெம்பு வந்தது. இன்னும் மேற்கு அறைதான் பாக்கி.

அம்மா கூடத்தின் மேற்கு ஓரத்துக்கு வந்தாள். அங்கே அறைக்குப் போகும் வழி இருந்தது. அந்த இடத்தில் நிற்காமல், வளையாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகக் கோட்டை இழுத்து முடித்தாள். சட்டியைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதான்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் ஒரு ரூம் இருக்கு," என்றேன்.

"இல்ல."

ஓவர்சியர் பக்கத்தில் வந்தார். "அம்மா, அவசரப்படாதீங்க. இப்ப காட்டுற அளவுதான் கணக்கு. பின்னாடி ஒரு கல்லு சேர்த்து வைக்கணும்னாலும் விட மாட்டாங்க. சேர்த்தே காட்டிடுங்க. பூட்டிக்கூட வச்சுக்கலாம்."

"அவரு சொல்றது நெசந்தாம்மா," என்றேன். "இந்தத் தடவ விட்டா அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் சின்ன வயதில் கணக்கைத் தப்பாகப் போட்டபோது பார்த்த மாதிரி.

"கட்டுறேன். கட்டிட்டு அங்க யாரு படுக்கிறது? நீயா, நானா?"

தூண் எழுப்பிக் கட்டலாம், தரையை உயர்த்தலாம், இனி எந்த மழைக்கும் அது விழாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவும் வாய் திறந்தேன். அவள் கேட்டது அதையல்ல.

"எழுதவா மேடம்?" என்றார் ஓவர்சியர்.

டேப்பில் இருந்த எண்ணை அவருக்குக் கேட்கும்படி படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். அத்தையும் மாமாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

புதுவீடு கோடையில் எழும்பியது. வரைபடம் தேவையில்லை என்றாலும் நானே போட்டேன். கூடத்தின் மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம் என்றாள் அம்மா. வாய்க்கால் காற்று அந்தப் பக்கம்தான் வரும். நான் ஜன்னலை அழித்துவிட்டுச் சுவரை முழுதாக வரைந்தேன்.