பெரியப்பாவின் சட்டை தொளதொளத்தபோது

பிள்ளைகளே, பக்கத்து வீட்டுப் பெரியப்பாமேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்பதை ஊரார் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே நாளில்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தினமும் நடக்க வேண்டும், சோற்றைப் பாதியாக்கிக் காய், கீரை சேர்க்க வேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசி என்றால் நான் எப்படி நடுங்குவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாளே புது ஷூ வாங்கி மெயின் ரோட்டில் நடந்தேன். ரோட்டில் ஒருவன் சும்மா நடந்தால் நம் ஊரில் விடுவார்களா? முதல் வண்டியே நின்றது.

"இன்னா மாமா, வண்டி ரிப்பேரா? ஏறு."

"இல்லப்பா, சும்மா நடந்துகினு கீறேன்."

"என் வண்டில ஏற மாட்டியா? எம்மேல கோவமா?"

மனசு கேட்காமல் ஏறினேன். டீக்கடையில் இறக்கிவிட்டு இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்தான். தினம் ஒருவன் இப்படி.

பெரியப்பா ஷூ எதுவும் வாங்கவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்க வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டு, அரிவாளும் கோணியுமாக ஏரிக்கரை மேல் தானே போனார். அங்கே எந்த வண்டி வரும்? தட்டிலும் முதலில் கீரை, அப்புறம்தான் சோறு. ஒரே மாதத்தில் சட்டை தொளதொளத்துப் போனது. உங்கள் அம்மா சும்மா இருப்பாளா?

"மாமாவ பாருங்க, கண்ணாலத்துக்கு நிக்கற புள்ள மாதிரி கீறாரு. நீங்களுந்தான் கீறீங்க, ஷூ மட்டுந்தான் புச்சு."

வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு கெட்ட வேலை செய்தேன். அறுவடை நன்றாக வந்தது என்று சாக்குச் சொல்லி, அவருக்கு மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "புள்ளைங்க துன்னட்டும்டா" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார். உங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். மிச்சத்தை யார் தின்றது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

மறுநாளிலிருந்து நானும் ஏரிக்கரைக்குப் போனேன். திருந்தியெல்லாம் போகவில்லை. அவர் ஒரு கட்டு அறுத்தால் நான் ஒன்றரைக் கட்டு அறுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் வீட்டில் மாடே இல்லை. அறுத்ததை அவர் மாட்டுக்குத்தான் போட்டேன்! விடியலில் அவர் வீட்டு விளக்கு எரிந்தால் துள்ளி எழுவேன். அவர் கீரை தின்றால் நானும் தின்பேன்.

ஒருநாள் விளக்கு எரியவில்லை. அவருக்குக் காய்ச்சல். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்குப் படுத்துக்கொள்ளலாம் என்று புரண்டேன். காலுக்கு அது பிடிக்கவில்லை. பசுவும் கத்தியது. எழுந்து போய் அவர் பங்குப் புல்லையும் சேர்த்து அறுத்துப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் சொல்லாமலே அன்றைக்கும் தட்டில் முதலில் கீரையைத்தான் எடுத்தேன்.

மூன்றாம் மாதம் அதே பெஞ்சு. ரத்தம் சோதித்த சீட்டுகள் வந்ததும் என்னுடையதைப் பார்க்காமல் அவருடையதைத்தான் எட்டிப் பார்த்தேன். என்னைவிட அவருக்குக் குறைவு.

"இன்னாடா மொறைக்கிற? நாளைக்கி எனக்கு முன்னாடி எழுந்து வா பாக்கலாம்" என்று சிரித்தார்.

எனக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதே அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது.