மூன்று மாதத்துக்குள் பதில்

"கையெழுத்துப் பிரதி அனுப்பியவருக்கு மூன்று மாதத்துக்குள் பதில் தரப்படும், அதுவரை அவர் அதை வேறெங்கும் கொடுக்கக் கூடாது." கொழும்புப் பதிப்பகம் ஒன்றின் இந்த விதியில் என் பாதியை நான் காப்பாற்றினேன். பதுளையில் முப்பது வருடம் கோப்பு எழுதும் அரசாங்க இலிகிதராக இருந்தவனுக்கு விதியை மீறத் தெரியாது.

நூல், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தை, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளைப் பற்றியது. அங்கேயே குடியிருந்த அக்காவுக்கு ஒரே ஆசை. புது வீடுகள் கட்டிக் கொடுத்து லயத்தை இடிப்பதற்கு முன் அதன் வாசலில் வைத்துப் புத்தகத்தை வெளியிட வேண்டும்.

"பென்ஷன் வருதுல்ல தம்பி, டவுன்ல காசு குடுத்து அடிச்சிரு," என்றாள்.

"காசு குடுத்தா யாரும் அடிப்பாங்க அக்கா. அவங்களா தெரிவு செஞ்சு போட்டாத்தான் மதிப்பு."

"ஆமாங்க தொரை. கடுதாசிக்குக் காத்துக் காத்தே கெழவனாயிட்டீங்க."

பதினொரு மாதத்தில் நான்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன், எல்லாம் பதிவுத் தபாலில். புது வீடுகள் தயாரானதும் லயத்துத் தகரங்களைக் கழற்றிவிட்டுச் சுவர்களை இடித்தார்கள். அக்கா எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். 

பிறகு கடிதம் வந்தது. நூல் தெரிவாகிவிட்டதாம், அச்சுச் செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டால் வெளியிடுவார்களாம். பழக்கதோஷத்தில், கடிதத்தின் மேல் மூலையில் அது கிடைத்த திகதியைக் குறித்தேன்: லயத்தை இடித்ததற்கு மறுநாள்.