தவிட்டுச் சோறும் மாட்டுக்கறியும்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தரித்ததில்லை. திருப்பூர், சூரத், புனே என்று சுற்றிவிட்டுத் தாராவிக்கு வந்தபோது தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. பக்கத்து மிஷினில் தைத்தவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் வீட்டு மேல்தட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னார். ஏணியில் ஏற வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாது. அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட்டேன்.

அண்ணனுக்குச் சர்க்கரை. வலது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அதற்கடுத்த விரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் அதையும் எடுக்க வேண்டும், அதோடு நிற்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷினை மிதிக்கிற கால் அது. அண்ணன் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்குவார். வெள்ளைச் சோற்றை மட்டும் விடமாட்டார்.

மதினி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தார். அதில் ஒரு வீட்டுப் பெரியவருக்கும் சர்க்கரை. அவர் தவிடு நீக்காத பிரவுன் ரைஸை மோர்க்குழம்பு விட்டுப் பேசாமல் சாப்பிடுவாராம். மதினியும் அந்த அரிசியை வாங்கி வந்து வடித்துப் போட்டார்.

"என்னளா இது, கோழிக்குப் போடுத தவிடா?"

"கோழி இம்புட்டுப் பேச்சு பேசாது. சாப்பிடுங்க."

அண்ணன் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். மறுநாள் மத்தியானம் தெருமுனை மெஸ்ஸில் வெள்ளைச் சோற்றின் முன்னால் அவரைப் பார்த்தேன். "மதினிட்ட சொன்னே, மிஷினுக்குள்ள உன் கைய வச்சுத் தச்சிருவேன்" என்றார். நான் சொல்லவில்லை. சாயங்காலம் மதினி அவர் கையை இழுத்து மோந்து பார்த்தார். சாம்பார் வாசம் போதுமானதாக இருந்தது. அன்றைக்குச் சண்டை போடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தார்.

"மாட்டுக்கறின்னா அந்த மனுசன் ஆஸ்பத்திரிக் கட்டில்லருந்தும் எந்திரிச்சு வருவாரு" என்றார் என்னிடம். "ஆனா தனியா வச்சா கறியத் தின்னுட்டுச் சோத்தத் தள்ளிருவாரு. ரெண்டையும் பிரிக்க முடியாதபடி வைக்கணும்."

எங்களுக்குக் கிடைப்பது எருமைக்கறி. கடைக்காரர் இந்தியில் 'படேக்கா', அதாவது பெரிய மிருகத்தின் கறி, என்பார். நாங்கள் மாட்டுக்கறி என்றே சொல்வோம். வெந்து முடிய நேரம் பிடிக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை மதினி வழக்கம்போல அரிசியை ஊறவைத்து, கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டார். அரிசி கஞ்சியாகிவிட்டது, கறி செருப்பு மாதிரி கிடந்தது. அண்ணன் வருவதற்குள் நானும் மதினியும் அதைத் தின்று தீர்த்தோம்.

"அரிசி ஊறுனதால முந்திக்கிருச்சு" என்றார், ஒரு துண்டை மென்றுகொண்டே. "கறி பிந்திருச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்லா?"

நான் ஹோட்டல்களில் எச்சில் தட்டு கழுவியிருக்கிறேன், கல்யாணச் சமையலில் அண்டா தேய்த்திருக்கிறேன். சமையல் கெட்டுப்போனால் அடுப்பைத் திட்டுவார்கள், விறகைத் திட்டுவார்கள், என்னைத் திட்டுவார்கள். கெட்டுப்போனதையே மென்றுகொண்டு காரணம் தேடிய ஆளை அங்கேதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அரிசியை ஊறப்போடவில்லை. கழுவி வடிகட்டியதோடு சரி. கொழுப்பைக் கழித்து, கறியைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கினார். கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை. கறியைப் போட்டு, மஞ்சள், மல்லித்தூள், உப்பு, நிறைய மிளகுத்தூள் சேர்த்து, அது விட்ட தண்ணீர் வற்றும்வரை கிளறினார். அதன்மேல் அரிசி. ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். அரைமணி நேரம் குக்கர் பக்கமே திரும்பவில்லை. அணைத்த பிறகும், ஆவி தானாக அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். இவ்வளவுதான் வேலை.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தார். வாசலிலேயே மூக்கு வேலை செய்தது. மதினி மூடியைத் திறந்தார். அரிசி ஒவ்வொன்றும் கறிச்சாற்றைக் குடித்துத் தனித்தனியாக நின்றது. கறித்துண்டு விரலுக்கு நசுங்கியது. அண்ணன் தட்டைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார்.

"அந்தத் தவிட்டுச் சோறுதான?"

"ஆமா. வேண்டாம்னா வச்சிருங்க, மெஸ்ஸு தொறந்துதான் கெடக்கு."

அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கறியைப் பொறுக்கப் பார்த்தார். பொடிசாக இருந்ததால் சோறும் சேர்ந்தே வந்தது. நான் என் தட்டில் கைவைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி குனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டு காலியானது. விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பிவிட்டு, அண்ணன் தட்டை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி வையி."

மதினி குக்கரை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒரு தட்டுதான் கணக்கு. தவிட்டரிசின்னாலும் அளவாத்தான் திங்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"ஏளா, நேத்துவரைக்கும் தின்னு தின்னுன்ன?"

"இன்னைக்கு எந்திரிங்கன்னு சொல்லுதேன்."